நெய்த துணிக்குக் கூலி

"கைதிக்கு மூன்று வேளைச் சாப்பாடு, தங்க இடம், டாக்டர், மருந்து எல்லாம் நம் வரிப்பணம். அவனை வேலை வாங்கினால் என்ன தப்பு? அந்த வேலைக்குச் சம்பளம் வேறு கொடுக்கணுமா? நேர்மையாகப் பாடுபடுகிற எங்களுக்கே கூலி கட்டுப்படியாகவில்லை."

கேள்வி இதுதான். கேட்டவர் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் டெய்லராக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரி எனக்கு முக்கியமாகப் பட்டது, அதற்குப் பின்னால் வருகிறேன். நான் இலவச சட்ட உதவியில் வேலை பார்க்கும் வழக்கறிஞர். பதினோரு வருடமாக வாரத்தில் ஒரு நாள் ஒரு மத்திய சிறைக்குப் போய் வருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறைக்குள் வேலை இருக்க வேண்டும், இப்போது இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் செய்த வேலைக்கு வெளியே என்ன கூலியோ அதை ஒட்டிய கூலியை உள்ளேயும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நாம் தண்டனை என்ற பெயரில் ஒரு மனிதனின் உழைப்பை எடுத்துக்கொள்கிறோம், அதற்கு நமக்கு உரிமை கிடையாது.

சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் பலர் நினைக்கிற மாதிரி உள்ளே இருக்கிற எல்லோரையும் வேலை வாங்க முடியாது. நீதிபதி தீர்ப்பில் "மூன்றாண்டு கடுங்காவல்" என்று சொல்கிறார் அல்லவா, அந்தக் "கடும்" என்பதற்குள்தான் வேலை உட்கார்ந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 53-வது பிரிவு சிறைத்தண்டனையை இரண்டாகப் பிரித்தது: கடின உழைப்போடு கூடிய கடுங்காவல், உழைப்புக் கட்டாயம் இல்லாத மெய்க்காவல். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 4-வது பிரிவும் இதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. மெய்க்காவல் கைதி விரும்பினால் வேலை செய்யலாம், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். விசாரணைக் கைதியைக் கட்டாயப்படுத்தவே கூடாது, அவர் மீது குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. இந்த இடத்தில் ஒரு கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு மேல். ஆக, "கைதியை வேலை வாங்கு" என்று நாம் சொல்லும்போது சட்டப்படி அது பொருந்துவது மிச்சமிருக்கிற கால்வாசிப் பேருக்குத்தான். மற்றவர்கள் தீர்ப்புக்காக வருடக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் வேலை கொடுங்கள் என்று கெஞ்சுகிறவர்களை எனக்கே தெரியும்.

நம் ஊரில் சிறை வேலை என்றதும் நினைவுக்கு வருவது செக்கு. 1908-ல் வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் அடைத்து, முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்ற வைத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்த பிறகு ஜெயிலர் அவரை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார், அதுவும் வெயிலில். இதை அவரே தன் வரலாற்றைச் செய்யுளாக எழுதியபோது சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சிறையை நடத்திய சட்டம் 1894-ம் வருடத்துச் சிறைகள் சட்டம். கடுங்காவல் கைதியை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அதன் 35-வது பிரிவில் எழுதியிருக்கிறது. செக்கிழுத்தவரை அந்தப் பிரிவு காப்பாற்றவில்லை. மணி நேரத்தை மட்டும் எண்ணுகிற சட்டம், அந்த நேரத்தில் மனிதனை என்ன செய்கிறார்கள் என்று கேட்பதில்லை. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, அந்த 1894 சட்டத்தின் மீதுதான் நம் சிறை விதிகள் பெரும்பாலும் இன்னும் நிற்கின்றன. 2023-ல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்து அனுப்பியது. சிறை மாநிலப் பொருள் என்பதால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும்.

இன்றைய சிறையில் செக்கு இல்லை. தறி இருக்கிறது, தையல் மெஷின் இருக்கிறது, பேக்கரி இருக்கிறது, ஷூ தைக்கிற கூடம் இருக்கிறது. நான் போகிற சிறையில் தறிச் சத்தம் வக்கீல் பார்க்கிற அறை வரைக்கும் கேட்கும்.

அங்கே எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய்க்கால் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு ஆயுள் தண்டனையில் இருந்தார். வெளியே இருந்தபோது லாரி கிளீனர். உள்ளே வந்துதான் தறி கற்றுக்கொண்டார். முதல் வருடம் தார் சுற்றுகிற வேலை, அப்புறம் பாவு பிணைக்கிற வேலை, மூன்றாவது வருடம் சொந்தமாகத் தறியில் உட்கார்ந்துவிட்டார். நெய்தது காக்கி. பேசும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக்கொண்டே இருப்பார், அறுந்த இழைக்கு முடி போடுகிற பழக்கம், நூல் இல்லாதபோதும் விரல் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு முறை, "உள்ள எந்த நாள் கஷ்டம்ணே?" என்று கேட்டேன். தீபாவளி, பொங்கல் என்று சொல்வார் என்று நினைத்தேன். "ஞாயித்துக்கிழமை சார். தறி ஓடாது. பொழுதே போகாது" என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கைதிகளின் வேலை பற்றிப் பேசுகிறவர்களில் ஒரு சாரார் எல்லா வேலையும் அடிமைத்தனம், நிறுத்து என்கிறார்கள். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருந்து பார்க்க வேண்டும். வேலை இல்லாத சிறை மனிதனைத் தின்றுவிடும். கை வேலையில் இருக்கும்போதுதான் அவருக்குத் தன் மேல் கொஞ்சம் மரியாதை வருகிறது, சாயங்காலம் அலுப்பு வருகிறது, அலுப்பில் தூக்கம் வருகிறது. அதனால் வேலையே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே அண்ணன் என்னிடம் முதன்முதலில் கேட்டது ஜாமீனோ பரோலோ இல்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். வேலை செய்த நாட்களைத் தேதி வாரியாகப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அலுவலகக் கணக்கில் அதைவிடப் பல நாட்கள் குறைவாக இருந்தன. இருந்த நாட்களுக்கான கூலியிலும் பராமரிப்புக்கு ஒரு பங்கு, பாதிக்கப்பட்டோர் நிதிக்கு ஒரு பங்கு என்று பிடித்தம் போய்க் கையில் நின்றது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத்தான் மகளின் காலேஜ் பீஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். "இது சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார், சண்டை போட வேணாம்" என்றார். சண்டை போட்டால் தறியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். வெளியே கூலி சரியில்லை என்றால் வேறு முதலாளியிடம் போகலாம். அங்கே முதலாளி, மேஸ்திரி, காவல்காரர், நன்னடத்தைக்குத் தண்டனைக் குறைப்பு எழுதுகிறவர் எல்லாம் ஒரே நிர்வாகம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் "நானாகத்தான் செய்கிறேன்" என்று சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அரசியல் சாசனத்துக்கு வருவோம். 23-வது பிரிவு மனிதரை விற்பதையும், கூலியில்லாமல் வேலை வாங்குவதையும், அதுபோன்ற எல்லாக் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. "பேகார்" என்று வடநாட்டுச் சொல்லையே அதில் போட்டிருக்கிறார்கள். நம்மிடம் அதற்குச் சொந்தச் சொல் இருக்கிறது, வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளைச் சொல்லிக்கொண்டு வரும்போது வெட்டி என்று வரும், கூலி வாங்காமல் செய்து கொடுக்க வேண்டிய வேலை என்று அர்த்தம். இன்றைக்கு வெட்டி வேலை என்றால் உருப்படாத வேலை என்று பொருள் மாறிவிட்டது.

1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஸ்டேடியம் கட்டிய தொழிலாளர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய வார்த்தை சொன்னது. தீர்ப்பு நீதிபதி பகவதி எழுதியது. பசியும் வறுமையும் துரத்தி, வேறு வழியில்லாமல் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்புதான், 23-வது பிரிவு மீறப்படுகிறது என்றது. துப்பாக்கி முனையில் வாங்கினால்தான் கட்டாயம் என்று இல்லை என்றது. அந்தத் தீர்ப்பை வைத்துப் பார்த்தால், நாலு சுவருக்குள் பூட்டி வைத்து வேலை வாங்கப்படுகிறவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது? சில உயர் நீதிமன்றங்கள் அப்படித்தான் யோசித்தன, கைதிக்கும் குறைந்தபட்சக் கூலி என்ற பக்கம் போயின. மாநில அரசுகள் மேல்முறையீடு செய்தன. 1998 செப்டம்பரில், குஜராத் அரசின் வழக்கில், உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது.

அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், இன்றுவரைக்கும் நாடு நிற்பது அதன் மேல்தான். நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு மூன்று விஷயத்தைச் சொல்கிறது. ஒன்று, கடுங்காவல் கைதியை அவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் வேலை வாங்கலாம், ஏனென்றால் 23-வது பிரிவே பொது நோக்கத்துக்காக அரசு சேவையைக் கட்டாயமாக்கலாம் என்று விலக்குக் கொடுக்கிறது, கைதி திருந்துவது பொது நோக்கம். இரண்டு, வேலை வாங்கினால் நியாயமான கூலி கொடுத்தே தீர வேண்டும், அதை நிர்ணயிக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு குழு போட வேண்டும், சாப்பாடு துணிமணிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். மூன்று, கூலியில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் கொண்டு வாருங்கள். கூலியில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் "குறைந்தபட்சக் கூலி" என்கிற, எண்ணால் பிடிக்க முடிகிற ஒரு அளவுகோலை எடுத்துவிட்டு "நியாயமான கூலி" என்கிற, யார் எப்படி வேண்டுமானாலும் இழுக்கக்கூடிய ஒரு சொல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். விளைவு, மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கூலி. திறன் பெற்றவர், ஓரளவு பெற்றவர், இல்லாதவர் என்று மூன்று படி. விலைவாசி ஏறுகிற வேகத்துக்கு அந்தக் குழுக்கள் கூடுவதும் இல்லை, கூலியை ஏற்றுவதும் இல்லை.

சரி, "சாப்பாடு போடுகிறோமே" என்ற வாதம். இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன், தங்க இடமும் சாப்பாடும் உண்மையிலேயே செலவுதான். ஆனால் ஒரே பிளாக்கில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிற இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எட்டு மணி நேரம் தறி ஓட்டுகிறார், இன்னொருவர் மெய்க்காவலில் வந்தவர், வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேருக்கும் காலையில் அதே பொங்கல், மதியம் அதே சாம்பார். வேலை செய்யாதவருக்குச் சாப்பாட்டுக்குப் பில் போடுவதில்லை. வேலை செய்தவர் கூலியில் மட்டும் சாப்பாட்டுச் செலவு என்று பிடிக்கிறார்கள். அப்படியானால் பிடித்தம் எதற்கு விழுகிறது? சாப்பிட்டதற்கு என்றால் இருவருக்கும் விழ வேண்டும். உழைத்தவருக்கு மட்டும் விழுகிறது என்றால் அது உழைத்ததற்கு விழுகிற அபராதம். ஒரு மனிதனை அவன் விருப்பத்துக்கு எதிராக ஓரிடத்தில் அடைத்து வைக்கிற அரசுக்கு அவனுக்குச் சோறு போடுகிற கடமை தானாகவே வந்துவிடுகிறது. அந்தக் கடமையின் செலவை அவனிடமே திருப்பி வாங்குவதென்றால் அதற்கு ஓர் அளவு வேண்டும்.

அடுத்தது, இன்னும் கனமானது: செத்தவன் குடும்பத்துக்கு யார் கூலி கொடுப்பது? அண்ணனின் வழக்கில் இறந்தவரின் மனைவியை நான் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். இரண்டு சின்னப் பிள்ளைகள். அவரிடம் போய்க் கைதியின் உரிமை என்று பேச எனக்கு வாய் வராது. பாதிக்கப்பட்டோர் நிதிக்குப் பிடிக்கிற பணத்தைப் பற்றி அண்ணனும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, "அது போகட்டும் சார்" என்பார். நான் விசாரித்தபோது அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு நிதி இருப்பதே தெரியாது. யாரும் சொல்லவில்லை, மனு எழுதித் தரவில்லை. கைதியின் கூலி கூடினால் அதில் பாதிக்கப்பட்டவரின் பங்கும் கூடும், இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. கூலியை அமுக்கி வைத்திருப்பது அந்தப் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துத்தான் அமுக்குகிறது.

இப்போது டெய்லர் நண்பரின் கடைசி வரி. "எங்களுக்கே கூலி கட்டுப்படியாகவில்லை." நண்பரே, உங்கள் கூலியைக் காப்பாற்றுவதற்கும் கைதியின் கூலி உயர வேண்டும். சிறைக்குள் கால்வாசிக் கூலிக்குத் தைக்க ஆள் கிடைக்கிறது என்றால் அந்த ஆர்டர் எங்கே போகும்? அமெரிக்காவில் இது நடந்து முடிந்த கதை. அங்கே 1865-ல் அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்திலேயே, குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர என்று ஒரு விலக்கை வைத்தார்கள். அந்த ஓட்டை வழியாகத் தென் மாநிலங்கள் விடுதலையான கறுப்பின மக்களைச் சில்லறைக் குற்றங்களுக்குப் பிடித்து, சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் வாடகைக்கு விட்டன. லூசியானாவின் அங்கோலா சிறை முன்பு அடிமைகள் பாடுபட்ட தோட்ட நிலத்தில்தான் நிற்கிறது, இன்றும் அங்கே கைதிகள் வயலில் இறங்குகிறார்கள், கூலி மணிக்குச் சில சென்ட். தொழிலாளர்களும் உற்பத்தியாளர்களும் சிறைப் பொருள்களின் போட்டியை எதிர்த்துக் கத்தித்தான் 1930-களில் அவற்றை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்குத் தடைச் சட்டங்கள் வந்தன. கொலராடோ 2018-ல் அந்த விலக்கைத் தன் மாநில அரசியல் சாசனத்திலிருந்து நீக்கியது. கலிபோர்னியாவில் 2024 நவம்பரில் இதே கேள்வியை மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள், தோற்றது. இரண்டு மாதம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தபோது நூற்றுக்கணக்கான கைதிகள் தீயணைக்க நின்றார்கள்.

தனியார் கையில் கைதியைக் கொடுக்கக் கூடாது என்பதைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1930-ம் வருடத்து 29-வது உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது. நீதிமன்றம் தண்டித்தவரிடம் வாங்கும் வேலை கட்டாய உழைப்பில் சேராது, ஆனால் அது அரசின் மேற்பார்வையில் இருக்க வேண்டும், தனியாருக்கு வாடகைக்கு விடப்படக் கூடாது. இந்தியா 1954-ல் இதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டது.

தனியார் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2024-ல் வேலூர்ச் சிறையைப் பற்றி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை உயரதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தினார்கள், பிறகு பணம் திருடியதாகச் சொல்லித் தனிமையில் அடைத்து அடித்தார்கள் என்று அவருடைய தாயார் புகார் கொடுத்திருந்தார். நீதிமன்றம் சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றச்சாட்டின் உண்மை பொய்யை வழக்கு முடிவு செய்யட்டும். ஆனால் அதிகாரி வீட்டுப் பாத்திரம் கழுவுவது எந்தச் சட்டத்திலும் "பொது நோக்கம்" ஆகாது.

எனக்கு நெஞ்சில் மிகவும் தைத்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. சிறைக்குள் யார் எந்த வேலை செய்வது என்பதைப் பல மாநிலங்களில் சாதிதான் முடிவு செய்திருக்கிறது. ஊர்ப்பழக்கத்தால் வந்தது என்று நினைத்தால் தப்பு, அரசாங்க விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். ராஜஸ்தான் விதியில் சமையல்காரராகப் பிராமணரோ போதுமான அளவு உயர்ந்த சாதி இந்துவோ இருக்கலாம் என்று இருந்தது. மேற்கு வங்க விதியில் துப்புரவுக்கு மேத்தர், ஹரி சாதியாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே இருந்தது. உத்தரப் பிரதேச விதி 2022-ல் புதுப்பித்தது, அதிலும் மெய்க்காவல் கைதிக்கு இழிவான வேலை கொடுக்கக் கூடாது, அந்த வேலை செய்து பழகிய சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் தவிர, என்று இருந்தது. இதையெல்லாம் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 2020-ல் வெளியே கொண்டு வந்தார். அவர் எழுதியதில் ஒரு இளைஞரின் கதை வரும். எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர். ராஜஸ்தானில் ஒரு மாவட்டச் சிறைக்குள் நுழைந்த அன்றைக்கே சாதியைக் கேட்டார்கள், சொன்னார், கக்கூஸ் கழுவ அனுப்பிவிட்டார்கள். பிறகு செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டபோது அதற்குள் இறக்கினார்கள். விசாரணைக் கைதியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மேலே எழுதினேன் அல்லவா, அவர் விசாரணைக் கைதி.

சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்த விதிகள் எல்லாம் செல்லாது, சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள், மூன்று மாதத்தில் விதிகளைத் திருத்துங்கள் என்றது. தமிழ்நாட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, பெருமைப்பட முடியாத பங்கு. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பிளாக்குகளில் வைத்திருந்ததும், மோதலைத் தடுக்கத்தான் என்ற அரசின் பதிலைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டதும் உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. ஒழுங்கைக் காப்பாற்ற வேறு வழி பாருங்கள், இந்தக் காரணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. இந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, தீண்டாமையைத் தடுக்கும் 17-வது பிரிவோடு நிற்காமல் கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-வது பிரிவையும் சேர்த்துப் பிடித்தது. பிறப்பைக் காரணம் காட்டி ஒருவர் மேல் ஒரு வேலையைச் சுமத்தினால், நீதிபதி விதித்த தண்டனை போதாதென்று இன்னொரு தண்டனையை அரசு தானாகச் சேர்க்கிறது. அந்த இரண்டாவது தண்டனை எந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்காது.

கூலி விஷயத்துக்கே திரும்புகிறேன். ஜெர்மனியில் 2023 ஜூன் 20 அன்று அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நம் ஊர் வக்கீல்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். கைதிக்குக் கிடைத்தது மணிக்கு 1.37 யூரோவிலிருந்து 2.30 யூரோ வரைக்கும். அவரை உழைக்க வைப்பது சமூகத்தோடு மறுபடி சேர்வதற்காக என்று உங்கள் சட்டமே சொல்கிறது, அதே கைதி கடன் அடைக்க வேண்டும், நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும், பிள்ளைக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறீர்கள், இந்தக் கூலியில் அவர் அதை எப்படிச் செய்வார் என்று நீதிமன்றம் கேட்டது. வழக்கில் இருந்த ஜெர்மன் மாநிலங்களின் விதி செல்லாது என்றது. உழைத்தால் வாழலாம் என்பதைக் கைதி தன் கையாலேயே உணர வேண்டும், இல்லையென்றால் வேலை அவருக்கு எதையும் கற்றுக் கொடுக்காது என்பதுதான் அதன் சாரம்.

நம் ஊரில் செய்யக்கூடியதாக நான் நினைப்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கூலியை அந்தந்தத் தொழிலுக்கு மாநிலம் அறிவிக்கிற குறைந்தபட்சக் கூலியோடு கட்டிவிட வேண்டும், அது ஏறினால் இதுவும் ஏற வேண்டும். பிடித்தத்துக்கு உச்சவரம்பு வேண்டும். ஒவ்வொரு கைதி கையிலும் மாதாமாதம் ஒரு சம்பளச் சீட்டு, என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு பிடித்தோம், எங்கே போனது என்று தமிழில். தறியில் விரல் போனால் வெளியே தொழிலாளிக்கு என்ன இழப்பீடோ அதே இழப்பீடு. இதைக் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 2015-லேயே எழுதி வைத்துவிட்டன. விசாரணைக் கைதி கேட்டால் அவருக்கும் வேலை, அதே கூலி. இதில் எதற்கும் சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை, சட்டசபைக்குக்கூடப் போக வேண்டியதில்லை, பெரும்பாலானவை அரசாணையில் முடிகிற காரியம். சிறை அங்காடியில் விற்கிற சட்டையும் பிஸ்கட்டும் கொஞ்சம் விலை கூடும். கூடட்டும்.

அண்ணன் முன்விடுதலையில் வெளியே வந்துவிட்டார். இப்போது பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். முதல் வாரக் கூலி வாங்கின அன்று ராத்திரி போன் செய்தார். "உள்ள ரெண்டு மாசம் நெஞ்சாக் கையில நிக்கிறது இங்க ஒரே வாரத்துல வந்துருச்சு சார்" என்றார், சந்தோஷமாகத்தான் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு அந்தப் பென்சில் காகிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. அவர் எழுதி வைத்த நாட்களில் நான்கு மாதக் கூலி இன்னும் கணக்கில் ஏறவில்லை, அதற்கான மனுவை வருகிற திங்கட்கிழமை கொடுக்கிறேன்.